பொஸ்டன் செல்ட்டிக்ஸ்: துணிந்து தெரிவுசெய்தவர்களும் சுமையைத் தாங்கியவர்களும்

2024 ஜூன் 17 ஆம் திகதி இரவு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நடைபெற்ற ஆட்டத்தில் டலஸ் மவ்ரிக்ஸ் அணியைத் தோற்கடித்து பொஸ்டன் செல்ட்டிக்ஸ் அணி தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் (என்.பி.ஏ.) சம்பியன் பட்டத்தை 18 ஆவது தடவையாகச் சுவீகரித்துக்கொண்டது. அதுவரை வேறு எந்த அணியும் அத்தனை பட்டங்களை வென்றிருக்கவில்லை. அந்த வெற்றிக்குத் தூண்களாக நின்ற ஜேய்சன் டேற்றமும் ஜெய்லன் பிறவுணும் வேறு அணிகளில் நட்சத்திரங்களாகப் பிரகாசித்த பின்னர் பெரும் பணம் கொடுத்து அழைத்துவரப்பட்டவர்கள் அல்லர். பல்கலைக்கழகத்தில் ஒரேயொரு வருடம் விளையாடிவிட்டு வந்த, எதிர்காலம் எப்படியிருக்கும் என்று எவரும் உறுதிகூற முடியாதிருந்த வயதில் தெரிவுசெய்யப்பட்ட இளைஞர்கள்.

அதேபோன்றதொரு ஜூன் 17 ஆம் திகதி, 38 வருடங்களுக்கு முன்னர் 1986 ஆம் ஆண்டில், இதே அணி நியூயோர்க்கில் நடைபெற்ற புதுமுக வீரர் தெரிவில் லென் பயஸ் என்ற 22 வயது இளைஞரின் பெயரை அறிவித்தது. அரங்கில் பச்சை நிறத் தொப்பியை அணிந்துகொண்டு மகிழ்ச்சியுடன் காட்சியளித்த அவர் இரு தினங்களில் உயிருடன் இல்லை. அந்த மரணத்தின் அதிர்வுகள் விளையாட்டு மைதானங்களைக் கடந்து அமெரிக்காவின் சட்டப்புத்தகத்திலும் சிறைச்சாலைகளிலும் பல தசாப்தங்களாக உணரப்பட்டன.

திகதிகளின் ஒற்றுமை தற்செயலானதே. ஆனால், வெற்றியும் துயரமுமான இவ்விரு சம்பவங்களும் ஒரே கொள்கையின் வழிவந்தவை. இன்றைய பலத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, இன்னமும் தன்னை நிரூபித்துக்காட்டாத ஓர் இளைஞனின் நாளையை வாங்குவது என்பதே அந்தக் கொள்கை. செல்ட்டிக்ஸின் முக்கால் நூற்றாண்டு வரலாற்றை அந்தக் கொள்கையின் வரலாறு என்றே கூறலாம்.

கூடைப்பந்தாட்டத்துடன் அதிக பரிச்சயமில்லாத வாசகர்களுக்காக 'டிராப்ட்' எனப்படும் இந்தத் தெரிவு முறையைச் சுருக்கமாக விளக்கவேண்டியிருக்கிறது. ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தை நம்மவர்கள் நன்கு அறிவர். அங்கு கூடுதல் விலை கூறும் அணிக்கு வீரர் கிடைக்கிறார். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் அவ்வாறு இல்லை. 1947 ஆம் ஆண்டு முதல் பின்பற்றப்பட்டுவரும் இந்த முறையின் அடிப்படை, முந்தைய பருவத்தில் படுதோல்வி கண்ட அணிகளுக்குப் புதுமுகங்களைத் தெரிவுசெய்வதில் முன்னுரிமை கொடுப்பதாகும். பலவீனமானவர்களுக்குக் கைகொடுத்து அணிகளுக்கிடையில் சமநிலையைப் பேணுவதே நோக்கம். 1985 ஆம் ஆண்டிலிருந்து முதல் இடங்கள் சீட்டுக்குலுக்கல் மூலம் தீர்மானிக்கப்படுகின்றன. வேண்டுமென்றே தோற்று முதலிடத்தைப் பிடிப்பதைத் தடுப்பதற்காகவே அந்த ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. ஓர் அணி தனக்குரிய தெரிவுரிமையை இன்னோர் அணிக்குக் கைமாற்றலாம். வரப்போகும் வருடங்களின் உரிமைகளைக்கூட முன்கூட்டியே விற்கலாம், வாங்கலாம்.

இந்த ஏற்பாட்டில் கவனத்திற்கு எடுத்துக்கொள்ளவேண்டிய ஓர் அம்சம் உண்டு. அணிகள் வீரரைத் தெரிவுசெய்கின்றனவே தவிர, வீரர் அணியைத் தெரிவுசெய்வதில்லை. தன்னைத் தெரிவுசெய்த அணியுடன் மாத்திரமே அவர் ஒப்பந்தம் பேசமுடியும். எந்த நகரத்தில் வாழப்போகிறோம், யாருடைய நம்பிக்கையைச் சுமக்கப்போகிறோம் என்பதை 20 அல்லது 22 வயது இளைஞனுக்காக வேறு எவரோ தீர்மானிக்கிறார்கள்.

தெரிவு முடிந்த மறுநாள் காலையிலேயே எந்த அணி வென்றது, எது தோற்றது என்று பரீட்சை விடைத்தாள் திருத்துவதைப்போன்று புள்ளிகள் வழங்குவது அமெரிக்கப் பத்திரிகைகளின் வழக்கம். எனது வாழ்க்கையின் பெரும்பகுதியை ஆசிரிய பீடங்களில் கழித்தவன் என்ற முறையில் அந்த அவசரத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. பத்திரிகை நாளையே வெளிவந்தாகவேண்டும். வரலாறு அவ்வாறு அவசரப்படுவதில்லை. செல்ட்டிக்ஸின் தெரிவுகளை இன்று திரும்பிப்பார்க்கும்போது அந்த வேறுபாடு நன்கு புலப்படுகிறது.

1950: இரண்டாவது சுற்றில் ஒரு பெயர்

செல்ட்டிக்ஸின் கதையை ஆர்னோல்ட் 'ரெட்' ஓவர்பாக் என்பவரை விட்டுவிட்டுப் பேசமுடியாது. நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் யூதக் குடியேற்றவாசி ஒருவரின் மைந்தனாக 1917 இல் பிறந்த அவரை அணியின் உரிமையாளர் வோல்ட்டர் பிறவுண் 1950 இல் பயிற்றுநராக நியமித்தார். அப்போது செல்ட்டிக்ஸ் முந்தைய பருவத்தில் 22 ஆட்டங்களில் வென்று 46 ஆட்டங்களில் தோற்றிருந்த, வருமானமற்ற ஓர் அணி. பொஸ்டன் மக்களின் நாட்டமெல்லாம் பேஸ்போலிலும் பனிச்சறுக்கு ஹொக்கியிலுமே இருந்தது.

அந்த வருடத் தெரிவின் இரண்டாவது சுற்றில் டுகேன் பல்கலைக்கழக வீரரான சக் கூப்பரின் பெயரை பிறவுண் அறிவித்தார். என்.பி.ஏ. தெரிவில் ஓர் அணி கறுப்பினத்தவர் ஒருவரைத் தெரிவுசெய்தது அதுவே முதற்தடவை. அவர் கறுப்பினத்தவர் என்பது தெரியுமா என்று சக உரிமையாளர் ஒருவர் கேட்டபோது, அவர் எந்த நிறத்தவராக இருந்தாலும் தனக்குக் கவலையில்லை என்று பிறவுண் பதிலளித்ததாகப் பதிவாகியிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் வியாபாரக் கணக்கும் இருந்தது. அன்று பெருங்கூட்டத்தைத் திரட்டி அரங்குகளுக்கு வருமானம் தேடிக்கொடுத்த அணி கறுப்பின வீரர்களைக் கொண்ட ஹாலெம் குளோப்ரொட்டேர்ஸ். அவர்களின் அதிருப்தியைச் சம்பாதித்துக்கொள்ள உரிமையாளர்கள் பலர் அஞ்சினர். கூப்பரின் பெயர் அறிவிக்கப்பட்ட அதே தெரிவின் பிந்திய சுற்றொன்றில் வொஷிங்டன் அணி ஏர்ள் லொயிட்டைத் தெரிவுசெய்தது. ஒருவர் துணிந்ததும் அடுத்தவருக்கும் துணிவு வந்தது.

பிறவுணின் துணிச்சலைப் பாராட்டும் கட்டுரைகள் ஏராளம். ஆனால், அந்தத் துணிச்சலின் சுமையை மைதானத்திலும் வீதியிலும் தாங்கியவர் கூப்பர். வட கரோலினாவின் றாலே நகரில் அணியினர் தங்கிய ஹோட்டலில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டபோது, சக வீரரான பொப் கூசி அவருடன் சேர்ந்து ஹோட்டலைத் துறந்து இரவு ரயிலேறிச் சென்ற சம்பவம் பிரசித்தமானது. கூப்பர் நான்கு பருவங்களே பொஸ்டனில் விளையாடினார். பின்னர் சமூக சேவைத்துறையில் முதுமாணிப் பட்டம் பெற்று பிட்ஸ்பேர்க்கில் பணியாற்றிய அவர் 1984 இல் காலமானார். கூடைப்பந்தாட்டத்தின் கீர்த்தி மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டதோ 2019 ஆம் ஆண்டில்தான்.

கூசி பொஸ்டனுக்கு வந்த கதையும் தெரிவு எனும் விவகாரத்தின் இயல்பை நன்கு உணர்த்துவதாகும். பக்கத்து நகரான வூஸ்டரின் ஹோலி குறொஸ் கல்லூரியில் பெரும் புகழ் பெற்றிருந்த கூசியை 1950 தெரிவில் எடுக்கவேண்டும் என்று உள்ளூர்ப் பத்திரிகைகள் வலியுறுத்தின. ஓவர்பாக் அதை அலட்சியம் செய்து முதலாவது உரிமையை சார்ள்ஸ் ஷெயார் என்ற உயரமான வீரருக்குப் பயன்படுத்தினார். ஷெயார் செல்ட்டிக்ஸுக்காக ஓர் ஆட்டத்தில்கூட விளையாடவில்லை. கூசியின் உரிமையை வைத்திருந்த சிக்காகோ அணி கலைக்கப்பட்டதும் மூன்று வீரர்களின் பெயர்கள் ஒரு தொப்பிக்குள் இடப்பட்டன. மூன்று உரிமையாளர்கள் ஆளுக்கொரு சீட்டை எடுத்தபோது பிறவுணின் கைக்கு வந்தது எவரும் அவ்வளவாக விரும்பாத கூசியின் பெயர். அவர் செல்ட்டிக்ஸுடன் ஆறு பட்டங்களை வென்றார். திறமைசாலியின் கணிப்புப் பொய்த்த இடத்தில் தொப்பிக்குள் கிடந்த சீட்டு கைகொடுத்தது.

1956: வெல்வதற்காக விட்டுக்கொடுத்தது

கூசியின் ஆட்டத்தை இரசிக்கக் கூட்டம் வந்தது. ஆனால் பட்டம் வரவில்லை. எதிரணியின் எறிகையைத் தடுத்து, கூடையிலிருந்து மீளும் பந்தைக் கைப்பற்றிக் கொடுப்பதற்கு ஒருவர் தேவைப்பட்டார். ஓவர்பாக்கின் பழைய பல்கலைக்கழகப் பயிற்றுநரான பில் றைன்ஹார்ட் அவருக்கு ஒரு பெயரைக் கூறினார். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் பில் ரஸல்.

1955, 1956 ஆகிய இரு வருடங்களிலும் தனது பல்கலைக்கழகத்துக்குத் தேசிய சம்பியன் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தவர் என்றபோதிலும் ரஸல் குறித்து அணிகளுக்குத் தயக்கம் இருந்தது. தூரத்திலிருந்து பந்தை எறியும் ஆற்றல் அவரிடம் குறைவு. ஒலிம்பிக்கில் விளையாடுவதாகத் தீர்மானித்திருந்ததால் பருவத்தின் ஆரம்பத்தில் அவரது சேவை கிடைக்காது. அந்த வருட ஒலிம்பிக் மெல்பேர்ணில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடைபெற்றது. இவையெல்லாவற்றுக்கும் மேலாக அவர் கறுப்பினத்தவர்.

முதலாவது தெரிவுரிமை றொச்செஸ்டர் அணியிடம் இருந்தது. அது சிஹியூகோ கிறீனைத் தெரிவுசெய்தது. றொச்செஸ்டர் ரஸலை விட்டுவிடுமானால் அரங்கத்துக்குப் பெரும் வருமானம் தரும் 'ஐஸ் கபேட்ஸ்' பனிச்சறுக்குக் களியாட்டத்தை அங்கு அனுப்பிவைப்பதாக பிறவுண் வாக்குறுதியளித்தார் என்றொரு கதை பொஸ்டனில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது. இரண்டாவது உரிமை சென் லூயிஸ் ஹோக்ஸ் அணியிடம் இருந்தது. அதைப் பெறுவதற்காக ஓவர்பாக் கொடுத்த விலை சிறியதல்ல. அணியின் பெரும் நட்சத்திரமான எட் மக்கோலியையும், இராணுவ சேவையை முடித்துக்கொண்டு திரும்பும் கிளிவ் ஹேகனையும் அவர் விட்டுக்கொடுத்தார். மக்கோலி சென் லூயிஸைச் சொந்த ஊராகக் கொண்டவர். தனது புதல்வன் கடுமையாக நோயுற்றிருந்த நிலையில் ஊர் திரும்புவதை அவரே விரும்பினார்.

ஹோக்ஸ் அணியினர் ஏமாந்துபோனார்கள் என்று எழுதுவது பின்னாளில் வழக்கமாகிவிட்டது. அது நியாயமான தீர்ப்பாக எனக்குத் தோன்றவில்லை. 1957 இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் இரு தடவைகள் மேலதிக நேரம் வழங்கப்பட்ட பின்னரே செல்ட்டிக்ஸ் 125 - 123 என்ற கணக்கில் ஹோக்ஸை வென்று தனது முதலாவது பட்டத்தைப் பெற்றது. அடுத்த வருடம் ரஸல் கணுக்காலில் காயமடைந்திருந்த நிலையில் மக்கோலியையும் ஹேகனையும் கொண்டிருந்த ஹோக்ஸ் பட்டத்தை வென்றது. இரு வருடங்களைக் கொண்டு அளந்தால் அது சரிசமமான பரிமாற்றம். பதின்மூன்று வருடங்களைக் கொண்டு அளக்கும்போதுதான் ஓவர்பாக் வாங்கியது என்ன என்பது தெரிகிறது. ரஸல் விளையாடிய 13 பருவங்களில் செல்ட்டிக்ஸ் 11 பட்டங்களை வென்றது.

ரஸலுக்குப் பொஸ்டன் நகரம் என்ன கொடுத்தது? அவரது வீட்டுக்குள் புகுந்து பொருட்களை நாசம்செய்து சுவர்களில் இனவெறி வாசகங்களை எழுதி, படுக்கையில் மலங்கழித்துவிட்டுச் சென்றார்கள். 1972 இல் அவரது 6 ஆம் இலக்கச் சீருடைக்கு ஓய்வு கொடுக்கும் வைபவத்தை இரசிகர்கள் அரங்கினுள் நுழைவதற்கு முன்னரே நடத்தவேண்டும் என்று ரஸல் வற்புறுத்தியதை இந்தப் பின்னணியில்தான் நோக்கவேண்டும். அவர் தனது அணிக்காக விளையாடினார், நகரத்துக்காக அல்ல. 2022 ஜூலை 31 ஆம் திகதி அவர் காலமானதைத் தொடர்ந்து சங்கத்தின் சகல அணிகளும் அந்த இலக்கத்துக்கு ஓய்வு கொடுத்தன.

1978: ஒரு வருடம் காத்திருத்தல்

1978 அளவில் செல்ட்டிக்ஸ் மீண்டும் வீழ்ச்சியடைந்திருந்தது. அப்பருவத்தில் 32 வெற்றிகள், 50 தோல்விகள். பொது முகாமையாளராக இருந்த ஓவர்பாக்கிடம் முதற்சுற்றில் ஆறாவது, எட்டாவது உரிமைகள் இருந்தன. இன்னும் ஒரு வருடம் பல்கலைக்கழகத்திலேயே விளையாடப்போவதாக அறிவித்திருந்த இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழக வீரர் லரி பேர்டுக்கு ஆறாவது உரிமையை அவர் பயன்படுத்தினார்.

பேர்ட் 1974 இல் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சில வாரங்களிலேயே விலகி ஊருக்குத் திரும்பியவர். பிரெஞ்ச் லிக் என்ற அந்தச் சிற்றூரில் உள்ளூராட்சிச் சபையின் குப்பை வண்டியில்கூட வேலை செய்தவர். அவருடன் ஆரம்பத்தில் கல்வி பயின்றவர்கள் 1978 இல் பட்டம் பெறுவதனால் விதிகளின்படி அவரையும் அவ்வருடமே தெரிவுசெய்யலாம். ஆனால், 1979 தெரிவுக்கு முன்னதாக அவருடன் ஒப்பந்தம் செய்யத் தவறினால் உரிமை பறிபோய்விடும்.

பொஸ்டனுக்கு முன்னர் ஐந்து பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அந்த அணிகளுக்கு பேர்டின் திறமை தெரியாது என்று எவரும் கூறமாட்டார்கள். அவற்றுக்குக் காத்திருக்க முடியவில்லை என்பதே உண்மை. பேர்டின் சொந்த மாநிலத்து அணியான இண்டியானா பேசர்ஸ் 1977 இல் தொலைக்காட்சி வாயிலாக மக்களிடம் வேண்டுகோள் விடுத்துப் பருவகாலச் சீட்டுகளை விற்றே பிழைத்துக்கொண்டது. தன்னிடம் வந்த முதலாவது தெரிவுரிமையை போர்ட்லண்ட் அணியிடம் கைமாற்றிவிட்டு மூன்றாவது இடத்தில் வேறொருவரைத் தெரிவுசெய்தது. வறுமைப்பட்டவனுக்கு நாளைய பலாப்பழத்தைவிட இன்றைய களாக்காய் பெரிது. காத்திருப்பதற்கும் வசதி வேண்டும்.

அந்த ஒரு வருடம் செல்ட்டிக்ஸுக்கு இலகுவானதாக இருக்கவில்லை. 29 ஆட்டங்களில் மாத்திரம் வென்று 53 ஆட்டங்களில் அணி தோற்றது. புதிய உரிமையாளர் ஓவர்பாக்கைக் கலந்தாலோசிக்காமல் மூன்று முதற்சுற்று உரிமைகளைக் கொடுத்து ஒரு வீரரை வாங்கியதால் அவர் அணியை விட்டு விலகும் நிலைக்கே வந்துவிட்டார். மறுபுறத்தில் பேர்ட் தனது அணியை ஒரு தோல்வியும் இல்லாமல் தேசிய இறுதிப்போட்டி வரை கொண்டுசென்றார். அங்கு மஜிக் ஜோன்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோல்வி கண்டபோதிலும் அவரது மதிப்புப் பன்மடங்கு உயர்ந்துவிட்டது. 1979 ஜூனில், காலக்கெடு நெருங்கிய வேளையில், ஐந்து வருடங்களுக்கு 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் என்ற ஒப்பந்தம் கைச்சாத்தானது. புதுமுக வீரர் ஒருவருக்கு அதுவரை வழங்கப்பட்டிராத தொகை அது. அடுத்த பருவத்தில் செல்ட்டிக்ஸ் பெற்ற வெற்றிகள் 61. இவ்வாறு முன்கூட்டியே ஒருவரைப் பிடித்துவைப்பதைத் தடைசெய்யும் வகையில் சங்கம் பின்னர் விதியை மாற்றியமைத்தது.

1980 இலும் ஓவர்பாக் அதே துணிச்சலைக் காட்டினார். அவ்வருடம் முதலாவது உரிமை பொஸ்டனின் கையில் இருந்தது. அதையும் பதின்மூன்றாவது உரிமையையும் கோல்டன் ஸ்டேட் அணிக்குக் கொடுத்து, ரொபர்ட் பரிஷ் என்ற வீரரையும் மூன்றாவது உரிமையையும் பெற்றார். கோல்டன் ஸ்டேட் முதலாவதாக ஜோ பரி கரலைத் தெரிவுசெய்தது. மூன்றாவது உரிமையில் பொஸ்டனுக்கு வந்தவர் கெவின் மக்ஹேல். பேர்ட், பரிஷ், மக்ஹேல் மூவரும் இணைந்து 1981, 1984, 1986 ஆகிய வருடங்களில் பட்டங்களை வென்றனர். 1981 இல் இரண்டாவது சுற்றில் தெரிவுசெய்யப்பட்ட டனி எய்ன்ஜ், நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ரொறொன்ரோவின் புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியுடன் அப்போது ஒப்பந்தத்தில் இருந்தவர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அங்கு தோல்வி கண்ட செல்ட்டிக்ஸ் பணம் கொடுத்தே அவரைப் பெற்றது. அந்த எய்ன்ஜ் இந்த வரலாற்றில் மீண்டும் வருவார்.

1986: ஆபத்து என்று எவரும் கருதாத தெரிவு

1984 இறுதிப்போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் எதிரணியின் பந்தை இடைமறித்து அணியைக் காப்பாற்றியவர் ஜெரால்ட் ஹென்டர்சன். சில மாதங்களில் ஓவர்பாக் அவரை சியாட்டில் அணிக்கு அனுப்பிவைத்து, பதிலாக 1986 ஆம் வருடத்துக்கான முதற்சுற்று உரிமையைப் பெற்றார். சியாட்டில் பின்னடைவு கண்டதால் அந்த உரிமை இரண்டாவது இடத்துக்கு உயர்ந்தது. 1986 ஜூன் 8 ஆம் திகதி செல்ட்டிக்ஸ் தனது 16 ஆவது பட்டத்தை வென்றது. ஒன்பது நாட்களின் பின்னர், உலகின் மிகச்சிறந்த அணி நாட்டின் மிகச்சிறந்த இளம் வீரர்களில் ஒருவரைத் தெரிவுசெய்தது.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் லென் பயஸ் குறித்து எவரும் தயங்கவில்லை. கூப்பர் விடயத்தில் நிறம், ரஸல் விடயத்தில் எறியும் ஆற்றல், பேர்ட் விடயத்தில் காலம் என்று ஒவ்வொருவர் குறித்தும் ஏதோவொரு சந்தேகம் எழுப்பப்பட்டது. பயஸ் உயரமும் பலமும் லாவகமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர். ஜூன் 18 ஆம் திகதி தந்தையாருடன் பொஸ்டனுக்குச் சென்று பாதணி நிறுவனமொன்றின் பிரதிநிதிகளையும் சந்தித்துவிட்டு இரவு மேரிலாண்ட் திரும்பினார். பல்கலைக்கழக விடுதியில் நண்பர்களுடன் சேர்ந்து கொகெயின் பாவித்தார். ஜூன் 19 காலை இருதயத்துடிப்பு சீர்குலைந்து உயிரிழந்தார்.

அது தேர்தல் வருடம். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரான 'டிப்' ஓ'நீல் பொஸ்டன் பிராந்தியத்தைப் பிரதிநிதித்துவம் செய்தவர். தொகுதி மக்களின் அதிர்ச்சியையும் ஆத்திரத்தையும் நேரில் கண்ட அவர் உடனடியாகச் சட்டமொன்றைக் கொண்டுவருவதற்கு முனைந்தார். போதைப்பொருளுக்கு எதிராகக் கடுமையானவர்கள் என்று காட்டிக்கொள்வதில் இரு கட்சிகளும் போட்டியிட்டன. அக்டோபர் 27 ஆம் திகதி ஜனாதிபதி றொனால்ட் றீகன் கைச்சாத்திட்ட சட்டத்தின்படி, 'கிராக்' எனப்படும் வகைக் கொகெயின் 5 கிராமுடன் பிடிபடுபவருக்குக் குறைந்தபட்சம் ஐந்து வருடச் சிறை. அதே தண்டனையைப் பெறுவதற்குத் தூள் கொகெயின் 500 கிராம் வேண்டும். பயஸ் பாவித்ததோ தூள் வகை. கிராக் தொடர்பில் மத்திய நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களில் மிகப்பெரும்பான்மையானோர் கறுப்பினத்தவர்கள். கறுப்பின இளைஞர் ஒருவரின் மரணத்தை முன்னிட்டு இயற்றப்பட்ட சட்டம் ஆயிரக்கணக்கான கறுப்பின இளைஞர்களின் வாழ்வைச் சிறைக்குள் முடக்கியது. நூற்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதாசாரத்தைப் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைப்பதற்கு 2010 ஆம் ஆண்டு வரையும், அந்தத் தளர்வைப் பழைய கைதிகளுக்கும் வழங்குவதற்கு 2018 ஆம் ஆண்டு வரையும் காத்திருக்கவேண்டியிருந்தது.

பயஸ் குடும்பத்தின் துயரம் அத்துடன் முடிவடையவில்லை. லென்னின் இளைய சகோதரர் ஜே 1990 டிசம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். தாயார் லொனீஸ் பயஸ் பாடசாலைகளுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் சென்று இளைஞர்களுடன் போதைப்பொருள் பற்றியும் வன்முறை பற்றியும் பேசுவதைத் தனது வாழ்க்கைப் பணியாக ஆக்கிக்கொண்டார்.

நீண்ட வரட்சியும் மீட்சியும்

செல்ட்டிக்ஸ் அடுத்த பட்டத்துக்கு 22 வருடங்கள் காத்திருந்தது. 1987 இல் 22 ஆவதாகத் தெரிவுசெய்யப்பட்டு அணித்தலைவராக உயர்ந்த ரெஜி லூயிஸ் 1993 ஜூலையில் இருதயநோயினால் 27 ஆவது வயதில் மரணமடைந்தார். 1996 - 97 பருவத்தில் 15 ஆட்டங்களில் மாத்திரம் வென்று 67 ஆட்டங்களில் தோற்ற அணி, சீட்டுக்குலுக்கலில் முதலிடத்தைப் பெற்று டிம் டங்கனைக் கைப்பற்றலாம் என்று கனவு கண்டது. சீட்டு சான் அன்டோனியோவுக்கு விழுந்தது. டங்கன் அங்கு ஐந்து பட்டங்களை வென்றார். மூன்றாவது உரிமையில் வந்த சோன்சி பிலப்ஸை 51 ஆட்டங்களிலேயே பொஸ்டன் கைகழுவிவிட்டது. அவர் 2004 இறுதிப்போட்டியில் டெட்ரொயிற் அணியின் சார்பில் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றார். தெரிவுசெய்வதற்குத் துணிச்சல் போதும். தெரிவுசெய்தவரை வளர்த்தெடுப்பதற்குப் பொறுமை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை.

2003 இல் நிருவாகப் பொறுப்பை ஏற்ற டனி எய்ன்ஜ் 2007 இல் எதிர்த்திசையில் துணிந்தார். ஐந்தாவது உரிமையை சியாட்டிலுக்குக் கொடுத்து ரே அலனையும், பின்னர் இளைஞர்கள் பலரை மினசோட்டாவுக்குக் கொடுத்து கெவின் கார்னெற்றையும் பெற்றார். 2008 இல் பட்டம் கிடைத்தது. அதே எய்ன்ஜ் 2013 இல் கார்னெற்றையும் போல் பியர்ஸையும் புறூக்ளின் நெட்ஸ் அணிக்கு அனுப்பி, 2014, 2016, 2018 ஆம் வருடங்களின் முதற்சுற்று உரிமைகளையும் 2017 இல் இடங்களை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பெற்றார். 2016 இல் மூன்றாவதாக ஜெய்லன் பிறவுணின் பெயர் அறிவிக்கப்பட்டபோது பொஸ்டன் இரசிகர்கள் கூச்சலிட்டு அதிருப்தியை வெளிப்படுத்தினர். 2017 இல் முதலாவது உரிமை கையில் இருந்தும் எய்ன்ஜ் அதை பிலடெல்பியாவுக்குக் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு இறங்கினார். கூடவே எதிர்காலத்துக்குரிய உரிமையொன்றையும் வாங்கிக்கொண்டார். பிலடெல்பியா மார்க்கெல் பல்ட்ஸைத் தெரிவுசெய்தது. பொஸ்டன், தான் முதலிடத்தில் இருந்திருந்தாலும் எடுத்திருக்கக்கூடியவர் என்று எய்ன்ஜ் பின்னர் கூறிய டேற்றத்தைத் தெரிவுசெய்தது. 1980 இல் ஓவர்பாக் செய்ததையே 37 வருடங்களின் பின்னர், அவரால் தெரிவுசெய்யப்பட்டவர் செய்தார். அன்று கூச்சலுக்கு இலக்கான பிறவுண் 2024 இறுதிப்போட்டியின் சிறந்த வீரராகத் தெரிவானார்.

இந்த வரலாற்றிலிருந்து சூத்திரம் ஒன்றைப் பெறமுடியும் என்று நான் நம்பவில்லை. தயக்கத்துக்குரியவர்கள் என்று கருதப்பட்ட ரஸலும் பேர்டும் அணியை உச்சத்துக்குக் கொண்டுசென்றனர். ஐயத்துக்கு இடமற்றவர் என்று கருதப்பட்ட பயஸ் ஓர் ஆட்டத்திலும் விளையாடவில்லை. மேதையென்று போற்றப்படும் ஓவர்பாக் கூசியை வேண்டாம் என்றவர். செல்ட்டிக்ஸிடம் இருந்ததாக நான் காண்பது, ஒரு தீர்மானத்தின் பலனை இரண்டு மூன்று வருடங்கள் காத்திருந்து பார்க்கும் மனத்திடத்தையும், ஊராரின் கூச்சலுக்கு உடனடியாகப் பதிலளிக்காத நிதானத்தையும்தான். அந்த நிதானம்கூட எப்போதும் வெற்றியைக் கொடுக்கவில்லை.

ஆனால் ஒரு விடயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஓர் அணி 'ஆபத்தை எதிர்கொள்ளத் துணிந்தது' என்று விளையாட்டுப் பக்கங்களில் எழுதும்போது அந்த ஆபத்து யாருடையது என்பதை நாம் கேட்பதில்லை. தெரிவு பிழைத்துப்போனால் முகாமையாளர் ஓர் உரிமையை இழக்கிறார். அடுத்த வருடம் இன்னொன்று வரும். இரவு ரயிலில் ஊரைவிட்டுப் புறப்பட்டவர் கூப்பர். நாசமாக்கப்பட்ட வீட்டுக்குத் திரும்பியவர் ரஸல். 1986 ஜூனில் பொஸ்டன் ஒரு தெரிவுரிமையை இழந்தது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. மேரிலாண்டில் ஒரு தாய் இழந்தது தனது மூத்த மகனை. அணி இழந்ததைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்து எழுதுவதே வரலாற்றுக்கு நேர்மையானதாகும்.